நகலே நியமமான வரலாறு: ரஷ்யாவின் பென்டகன் கணினி

திறவுச்சொற்கள்: பென்டகன் 128, ஸ்பெக்ட்ரம், சோவியத் ஒன்றியம், நகலாக்கம், இணக்கம்

முன்னுரை

சோவியத் ஒன்றியத்தின் கணினி வரலாறு பெரும்பாலும் ‘மேலைநாட்டுக் கருவிகளை நகலெடுத்தனர்’ என்னும் ஒரே தொடரில் அடக்கப்பட்டுவிடுகிறது. மாஸ்கோவின் அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று ஆப்பிள் 2 கணினியைப் பின்பற்றி உருவாக்கிய அகாத்துக்கு அத்தொடர் ஓரளவு பொருந்தும். பிரித்தானியாவின் ஸ்பெக்ட்ரத்தை அடியொற்றி எழுந்த பென்டகனுக்கு அது போதாது. பென்டகன் நகல்தான், ஆனால் அது எங்கே மூலத்தினின்று விலகியது, அவ்விலகல் ஏன் திருத்தப்படாமல் நிலைபெற்றது என்பனவே ஆராயத்தக்கவை.

கிடைக்காத சில்லு

கிளைவ் சின்கிளேரின் நிறுவனம் 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரத்தை வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டதன் விலை 125 பவுண்டு. 48 கிலோபைட் கொண்டதன் விலை 175 பவுண்டு. விலையைக் குறைக்க அந்நிறுவனம் செய்யாத சிக்கனம் இல்லை. 48 கிலோபைட் கருவியின் மேல் நினைவகத்திற்குப் பாதி பழுதான 64 கிலோபிட் சில்லுகளை வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினர். நகல்களின் தரத்தை எள்ளுவோர், மூலமே கழிவுச் சில்லுகளைக் கொண்டு செய்யப்பட்டது என்பதை நினைவிற்கொள்வது நலம்.

கருவியின் மையத்தில் இரண்டு சில்லுகள் இருந்தன. ஒன்று, கடையில் கிடைக்கும் இசட்80 செயலி. இதற்கு ஈடான யு880 கிழக்கு ஜெர்மனியில் 1980 முதல் உற்பத்தியாயிற்று. சோவியத் ஒன்றியமும் பின்னர் அவ்வகைச் செயலியைத் தயாரித்தது. மற்றொன்று, பெரான்டி நிறுவனம் சின்கிளேருக்கென்றே செய்துகொடுத்த யுஎல்ஏ. திரைக்காட்சி, விசைப்பலகை, ஒலிநாடா, செயலியின் கடிகாரம் ஆகிய அனைத்தையும் இதுவே ஆண்டது. இதற்கு ஈடான சில்லு தொடக்கத்தில் சோவியத் சந்தையில் இல்லை.

வாங்க முடியாததை விளங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. யுஎல்ஏ செய்யும் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே பிரித்தறிந்து, எங்கும் கிடைக்கும் சாதாரணத் தருக்கச் சில்லுகள் பலவற்றால் அதனை மீண்டும் கட்டினர். செர்கேய் ஸோனவ் 1980-களின் பிற்பகுதியில் வடிவமைத்த லெனின்கிராத் கணினியும், 1989-இல் 48 கிலோபைட் வடிவிலும் 1991-இல் 128 கிலோபைட் வடிவிலும் வந்த பென்டகனும் இவ்வழியில் பிறந்தவை. 1988-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் சிறு குழுக்கள் பொருளுற்பத்தி செய்ய இடமளித்தது. சுற்றுப்படங்கள் கைமாறிப் பரவின. மாஸ்கோவின் மித்தினோ, பீட்டர்ஸ்பர்க்கின் யுனோனா போன்ற வானொலிச் சந்தைகளில் உதிரிகள் விற்கப்பட்டன. வாங்கியவர் வீட்டு மேசையில் பற்றவைத்து, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து அதனுள்ளேயே கம்பி இணைத்துக்கொள்வதும் உண்டு.

விலகலின் இயல்பு

மூலக் கருவியில் நினைவகத்தின் கீழ்ப்பகுதியைச் செயலியும் யுஎல்ஏயும் ஒரே நேரத்தில் நாடினால், யுஎல்ஏ செயலியின் கடிகாரத்தைச் சற்றே நிறுத்திவைக்கும். பென்டகனில் இந்நிறுத்தம் இல்லை. இருவருக்கும் முறைவைத்து நினைவகம் வழங்கப்பட்டது. திரையின் வரிக்கணக்கும் வேறுபட்டது. 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் ஒரு திரைக்காட்சியை 312 வரிகளில், 69,888 கடிகாரத் துடிப்புகளில் வரையும். பென்டகன் 320 வரிகளில், 71,680 துடிப்புகளில் வரையும். இரண்டிலும் வரிக்கு 224 துடிப்புகளே.

இவ்வேறுபாடு சாதாரண விளையாட்டுகளில் எளிதில் புலப்படாது. திரைக்காட்சியோடு இணைத்து இசைக்கப்படும் பாடல் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு மெதுவாக ஒலிக்கும், அவ்வளவே. ஆனால் திரைக்கதிர் நகரும் வேகத்தோடு ஒத்திசைத்து விளிம்பில் வண்ணம் தீட்டும் நிரல்கள், ஒன்றுக்கென எழுதப்பட்டால் மற்றொன்றில் சிதைந்து தோன்றும். ஏட்டுப் பிரதிகளைப் பதிப்பித்தோர் அறிந்த சிக்கலே இது: பாடபேதத்தைப் பிழையெனத் தள்ளுவதா, தனி மரபெனக் கொள்வதா?

ரஷ்ய நிரலாளர் இரண்டாவதையே கொண்டனர். காரணம் எளிது: அவர்தம் வாசகரின் மேசையில் இருந்தது பென்டகன். பிரித்தானியாவில் பல நெகிழ்வட்டு இணைப்பிகளுள் ஒன்றாக இருந்த பீட்டா, பென்டகன் 128-இன் பலகையிலேயே இடம்பெற்றது. 640 கிலோபைட் கொள்ளும் அவ்வட்டும், அதன் டிஆர்-டாஸ் இயக்கமுறைமையும் ரஷ்யாவின் பொது நியமமாயின. ‘ஸ்பெக்ட்ரோஃபோன்’ முதலிய மின்னிதழ்கள் வட்டிலேயே வெளிவந்தன. 1995-இல் பீட்டர்ஸ்பர்க்கில் ‘என்லைட்’ என்னும் காட்சிநிரல் போட்டி கூடியது. சின்கிளேரின் கணினித் தொழிலை 1986-இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட் 1992-இல் ஸ்பெக்ட்ரம் உற்பத்தியை நிறுத்திவிட்டது என்பதை இங்குக் கருதவேண்டும். ஒப்பிட்டுத் திருத்த மூலமே சந்தையில் இல்லாத காலத்தில்தான் இவ்வளவும் நிகழ்ந்தன.

இவ்வளர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. கணினி நிரல்களுக்கான தனிப் பாதுகாப்புச் சட்டம் ரஷ்யாவில் 1992 செப்டம்பரில்தான் இயற்றப்பட்டது. அதற்குமுன் பரவிய பிரித்தானிய விளையாட்டுகளால் அவற்றை எழுதியோருக்கு வருவாய் கிட்டவில்லை. வன்பொருளை மறுபடைப்பு என மதிப்பிடும் அதே அளவுகோலால், எழுத்துக்கு எழுத்து படியெடுத்த மென்பொருளை மதிப்பிட இயலாது. இவ்விரண்டையும் ‘நகல்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பதே குழப்பத்திற்கு ஊற்று.

மூலத்திற்குத் திரும்பிய பாடம்

பழைய கணினிகளைப் பாவனை செய்யும் ‘ஃப்யூஸ்’ போன்ற மென்பொருள்கள் பென்டகனைத் தனிக் கணினியாகவே பட்டியலிடுகின்றன. 2017-இல் பிரித்தானியாவில் பொதுமக்கள் நிதியால் தொடங்கப்பட்ட ‘ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்’ கணினியின் உறையை வடிவமைத்தவர், 1982-ஆம் ஆண்டுக் கருவிக்கும் உறை வடிவமைத்த ரிக் டிக்கின்சன். அக்கணினியில் தேர்ந்துகொள்ளத்தக்க காலக்கணக்குகளுள் 48, 128 கிலோபைட் ஸ்பெக்ட்ரங்களின் கணக்கோடு பென்டகனின் கணக்கும் இடம்பெற்றுள்ளது.