இலவச வண்டிக்கும் பேட்டா உண்டு

வத்தலக்குண்டிலிருந்து தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் போகும் சாலை ஒரு காலத்தில் கொடைக்கானலுக்கான வழியாக இருந்தது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1875இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அந்த நிலையம்தான் இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கே இறங்கியவர்கள் மாட்டுவண்டியில் சுமார் 33 மைல் பயணம் செய்து, பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்தில் இருந்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவார்கள். வண்டி அதற்கு மேல் போகாது. பத்துப் பன்னிரண்டு மைல் மலைப்பாதையைக் குதிரையில் ஏறிக் கடக்கலாம். இல்லையென்றால் நாற்காலியில் உட்கார வைத்துக் கூலியாட்கள் தூக்கிச் செல்வார்கள். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் லாஸ் காட் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில் திறக்கப்படும் வரை, கொடைக்கானல் கோடைவாசம் பெரிதும் இந்தத் தோள்களின் மேல்தான் நடந்தது. இன்று அதே வட்டாரத்தில், மதுரை விமான நிலையத்திலிருந்தோ ரயிலடியிலிருந்தோ கொடைக்கானலுக்கும் தேக்கடிக்கும் விருந்தினரை அழைத்துவரச் சில விடுதிகள் ‘இலவச வண்டி’ அனுப்புகின்றன. இறங்கும்போது ஓட்டுநருக்கு ஏதாவது கொடுப்பதா, இலவசம் என்றுதானே சொன்னார்கள் என்று பேசாமல் இருப்பதா என்ற தயக்கம் வருகிறது. இந்தத் தயக்கம் மோட்டார் காலத்தில் பிறந்ததல்ல. தூக்கிச் சென்ற காலத்திலேயே இருந்தது.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் நெடுந்தூரம் போகிறவர்கள் தபால் பல்லக்கு ஏற்பாடு செய்துகொள்வது வழக்கம். பயணத்துக்கான முழுத் தொகையையும் தபால் அதிகாரியிடம் முன்கூட்டியே கட்டிவிடுவார்கள். வழிநெடுக ஒவ்வொரு கட்டத்திலும் புதிய ஆட்கள் காத்திருந்து பல்லக்கைத் தோள் மாற்றிக்கொள்வார்கள். கணக்குப்படி பயணிக்கு வேறு செலவு கிடையாது. ஆனால் கட்டம் முடிந்து ஆள் மாறும்போதெல்லாம், இறக்கி வைத்தவர்கள் கை நீட்டுவதும் பயணி சில அணாக்கள் கொடுப்பதும் வழக்கமாக நிலைத்தன. கொடுக்காதவரின் பல்லக்கு மெதுவாக நகரும் என்பது பயணக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் முறையீடு. ஐரோப்பியப் பயணிகள் இதைக் கீழ்நாட்டுப் பேராசை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஏற்பாட்டின் அமைப்பைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. பணம் கட்டியவர் ஒருவர், வாங்கியவர் வேறொருவர், சுமந்தவர் மூன்றாமவர். கட்டிய தொகையில் தமக்கு எவ்வளவு என்று கேட்கும் இடம் சுமந்தவருக்கு இல்லை. அவர் முகம் பார்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள் பல்லக்கில் இருப்பவர். உழைப்பைப் பெறுகிறவரும் கூலியைத் தீர்மானிக்கிறவரும் வேறு வேறாக இருந்து, உழைப்பவரின் பங்கு மறைவாக இருக்கும் இடத்தில் எல்லாம் இனாம் முளைக்கும். விடுதியின் இலவச வண்டி இதே அமைப்பில்தான் ஓடுகிறது.

இந்த மறைவை நீக்க நம் நாட்டில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு உண்டு. பேட்டா என்று எல்லோரும் அறிந்தது அது. வீட்டை விட்டு வெளியே வேலை பார்க்கிறவருக்குச் சம்பளத்துக்கு மேல், சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் அலைச்சலுக்குமாக முன்கூட்டியே பேசித் தரும் தொகை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் இது பெரிய விவகாரமாக இருந்தது. 1757இல் பிளாசிப் போருக்குப் பின் புதிய நவாப் மீர் ஜாபர் வங்காளப் படை அதிகாரிகளுக்கு இரட்டைப் பேட்டா கொடுத்தார். 1766இல் கிளைவ் அதை வெட்டியபோது ஆங்கிலேய அதிகாரிகளே கூட்டாகப் பதவி விலகிக் கலகம் செய்தார்கள். 1828இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் சில இடங்களில் அதைப் பாதியாக்கியபோதும் பெரும் மனக்கசப்பு எழுந்தது. நம் பக்கத்துச் சிப்பாய்களின் கதை இன்னும் பொருத்தமானது. 1843-44இல் சிந்துப் பகுதிக்கு அனுப்பப்பட்ட சென்னைப் படைப்பிரிவுகள் சில, தாங்கள் நம்பியிருந்த அளவு பேட்டா கிடைக்காது என்று தெரிந்ததும் பணிய மறுத்தன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இரண்டு அடுப்பு எரிக்க வேண்டியவர்களுக்கு அந்தத் தொகை பரிசாகத் தோன்றவில்லை. பேட்டாவை யாரும் கும்பிட்டு வாங்கியதில்லை. குறைந்தபோது சண்டை போட்டிருக்கிறார்கள். இனாமுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இனாம் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது, பேட்டா பேச்சைப் பொறுத்தது.

ராணுவத்திலும், சாட்சிகளுக்குப் பேட்டா தரும் நீதிமன்றத்திலும் இருந்த இந்த ஏற்பாட்டை மோட்டார்த் தொழில் எடுத்துக்கொண்டது. இன்று தேனியிலோ கம்பத்திலோ ஒரு வாடகைக் கார் பேசினால், கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர், டோலும் பார்க்கிங்கும் தனி, டிரைவர் பேட்டா இவ்வளவு என்றுதான் பேச்சு முடியும். இரவு தங்கினால் பேட்டா கூடும், மலை ஏறினால் வாடகை கூடும். வாடகை வண்டி முதலாளிக்குப் போகும், பேட்டா ஓட்டுநருக்கு என்பது இரு தரப்புக்கும் தெரியும். இறங்கும்போது யாரும் தயங்கி நிற்பதில்லை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அது வாடகைக்கோ கட்டணத்துக்கோ வண்டி ஓட்டும், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்த நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரே ஒரு வேன் வைத்துக்கொண்டு, கட்டணமே வாங்காமல் விருந்தினரை அழைத்துவரும் விடுதியின் ஓட்டுநர் அதன் விளிம்பில்தான் நின்றார். வாடகைக் காரைப் பேசிப் பிடிக்கும் பயணி பேட்டாவை ஒப்புக்கொள்கிறார். அதே சாலையில், அதே தூரத்துக்கு, அதே வேலை இலவசம் என்ற பெயரில் நடக்கும்போது அந்த ஒரு வரி காணாமல் போகிறது.

இலவசம் என்பதே பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. ராணி மங்கம்மாள் காலத்தை ஒட்டி மதுரை நாட்டுச் சாலைகளில் எழுந்த சத்திரங்கள் வழிப்போக்கருக்கு உண்மையிலேயே இலவசமாக இடம் கொடுத்தன. பொதுவாகச் சத்திரங்களுக்கு நிலம் எழுதிவைக்கப்பட்டது. அதன் வருமானத்தில் அரிசியும் வந்தது, சமைப்பவருக்கும் பெருக்குபவருக்கும் பிழைப்பும் வந்தது. எந்த ஊர் நிலம், யார் கொடுத்தது என்பது சாசனமாகவே இருந்தது. இதற்கு நேர் எதிரான இலவசத்தையும் தமிழர்கள் கண்டிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கழுத்தில் தகர டிக்கெட் கட்டப்பட்டது. அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதில்லை. தோட்டத்தை அடைந்த பின் அந்தச் செலவு அவர்கள் பெயரில் கடனாக ஏறியது. கடனை அடைத்தால்தான் தோட்டம் மாறலாம் என்ற துண்டு முறை 1920களின் தொடக்கத்தில் ஒழிக்கப்படும் வரை அந்தக் கடன் ஆளை அசைய விடவில்லை. மலாயாவில் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து அதிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களில் வேறு கொடுமைகள் இருந்தன என்பது உண்மைதான். பயணச் செலவைப் பொறுத்தவரை மட்டும், செலுத்துகிறவர் யார் என்பது சட்டத்தில் எழுதப்பட்டதும் தொழிலாளியின் தலையில் விழுந்த சுமை குறைந்தது. செலவை ஏற்பவர் பெயர் வெளியில் தெரிந்தால் இலவசம் நிலைக்கும். தெரியாவிட்டால் அது வண்டியில் இருக்கும் பலவீனமானவர் மேல் சாயும்.

கம்பம் பள்ளத்தாக்கில் அது எப்படிச் சாய்கிறது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நெடுந்தூரப் பேருந்து நிற்கும் சாலையோர ஓட்டலில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சாப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லை; பயணிகளின் இட்லி விலையில் அது அடங்கியிருக்கிறது. குமுளியில் சுற்றுலாப் பயணியை ஏலக்காய், மிளகுக் கடைக்கு அழைத்துப் போகும் ஓட்டுநருக்குக் கடைக்காரர் கமிஷன் தருவது ஊரறிந்த வழக்கம். அந்தக் கமிஷன் ஏலக்காய் விலையில் ஏறுகிறது. பேட்டா கிடைக்காத ஓட்டுநருக்குக் கமிஷன்தான் பேட்டா. ஆகவே, பத்துப் பைசா கொடுக்காமல் இறங்கிவிட்டேன் என்று நினைக்கும் பயணி, பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார். இதைவிடக் கடுமையான உதாரணம், விடிவதற்கு முன் கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறும் ஜீப்புகள். இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் ஜீப்புக்குக் காசு கொடுப்பதில்லை, தோட்டக்காரர் கொடுக்கிறார். ஓட்டுநரின் வருமானம் ஏறும் தலைகளையும் போகும் நடைகளையும் பொறுத்திருக்கும்போது, ஜீப்பில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும் விரைவதும் வளைவுகளில் விபத்து நேர்வதும் தொடர்கின்றன. அங்கே இனாம் கேட்பவர் யாருமில்லை. குறைந்த கூலியின் மீதியை உயிர்கள் ஈடுகட்டுகின்றன.

பயணி இனாம் கொடுக்கக் கொடுக்க முதலாளி சம்பளத்தைக் குறைப்பார் என்பது வலுவான ஆட்சேபம், அதற்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் புல்மன் ரயில்பெட்டிக் கம்பெனி கறுப்பினப் பணியாளர்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொண்டு, மீதியைப் பயணிகளின் டிப்ஸே ஈடுகட்டும் என்று விட்டது. ஆனால் அந்தக் கதையின் பிற்பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைச் சட்டப்படி தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926க்குள் எல்லாத் தடைகளும் திரும்பப் பெறப்பட்டன. கொடுப்பதை நிறுத்தச் சொன்ன சட்டங்கள் தோற்றன. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்தப் பணியாளர்கள் புல்மன் தொழிலாளர் சங்கம் அமைத்து, 1937இல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். சம்பளம் உயர்ந்தது அதனால்தான். பயணி கையை மடக்கிக்கொண்டதால் எந்த முதலாளியும் சம்பளத்தை உயர்த்தியதாகத் தெரியவில்லை. ஆகவே இனாம் கெட்ட வழக்கம் என்று ஒப்புக்கொள்ளலாம்; அதைக் காரணம் காட்டி இன்று மாலை வண்டி ஓட்டியவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது.

இனாம் வாங்குவது மானக்கேடு என்பது இன்னொரு ஆட்சேபம். நாற்காலி தூக்கிய காலத்திலிருந்து மேல்கை, கீழ்கை என்ற பேதம் இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒட்டியிருப்பதால், இதை எளிதில் தள்ள முடியாது. ஆனால் மானத்தைக் கெடுப்பது தொகை கை மாறும் விதம்தான். ஆளைப் பார்த்து, சிரிப்பைப் பார்த்து, பெட்டி தூக்கினாரா என்று பார்த்து முடிவு செய்யும் தொகை வாங்குபவரைக் கெஞ்ச வைக்கிறது. ஏறும்போதே தெரிந்த, எல்லோருக்கும் ஒரே அளவான தொகை அப்படிச் செய்யாது. அப்படியானால் அரசுப் பேருந்திலும் ஆம்புலன்ஸிலும் கொடுக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் செலவைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடு செய்கிறது. சட்டமன்றத்தில் கணக்கு வைக்கப்படுகிறது. ஓட்டுநரின் சம்பளம் ஒப்பந்தம் பேசி எழுதப்பட்டது. 108 ஆம்புலன்ஸும் அரசுப் பணத்தில் ஓடுவதுதான். அங்கே கை நீட்டினால் அது லஞ்சம், கொடுத்தாலும் லஞ்சம். பழைய சத்திரத்துக்கு நிலம் இருந்தது போல இவற்றுக்குப் பொதுப்பணம் இருக்கிறது. விடுதியின் இலவச வண்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

அதனால் விடை இரண்டு படிகளாக அமைகிறது. அறை பதிவு செய்யும்போதே, வண்டி இலவசம் என்றால் டிரைவர் பேட்டா யார் தருகிறார்கள் என்று கேட்க வேண்டும். வாடகை வண்டிக்காரரிடம் கூச்சமில்லாமல் கேட்கும் கேள்விதான் இது. விடுதியிடம் கேட்பதிலும் தவறில்லை. பத்துப் பேர் கேட்டால் ரசீதில் அந்த வரி ஏறும். தெளிவான பதில் கிடைக்காதவரை, அதே தூரத்துக்கு அந்த ஊர் வாடகை வண்டிகளில் வழங்கும் பேட்டாவைக் கணக்காகக் கொண்டு ஓட்டுநரிடமே கொடுத்துவிட வேண்டும். ஒரு வண்டியில் நான்கு குடும்பங்கள் வந்திருந்தால் பிரித்துக்கொள்ளலாம். மசாலாக் கடையில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அப்போதுதான் பயணிக்கு வரும். கொடுப்பது தாராளமும் அல்ல, கொடுக்காதது சிக்கனமும் அல்ல. ஒருவர் நமக்காக மலையேறி இறங்கிய வேலைக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு விலை இருக்கிறது. விடுதி அதைச் செலுத்தியதாகத் தெரியும்வரை, அது நம் கணக்கில்தான் நிற்கிறது.