வெரைட்டி ஹால்

கோயம்புத்தூர் ரயிலடியில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் “வெரைட்டி ஹால் ரோடு போகணும்” என்று சொன்னால், மறு பேச்சுப் பேசாமல் கொண்டுபோய் விடுவார். “வெரைட்டி ஹாலுக்குப் போகணும்” என்று சொல்லிப் பாருங்கள், விழிப்பார். அவர்மேல் குற்றம் இல்லை. அந்த ஹால் தன் பேரைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, தான் டிலைட் தியேட்டர் என்று வேறு பேர் வைத்துக்கொண்டு வெகுகாலம் வாழ்ந்தது. இப்போது கட்டடமே இல்லை. இடித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கொட்டகையைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா ஒரு பெருமையோடுதான் ஆரம்பிப்பார்: “தென்னாட்டிலேயே முதல் சினிமாக் கொட்டகை நம்ம ஊரிலேதான்!” நானும் அதை அப்படியே நம்பி, என் நாவல் ஒன்றில் ஒரு பாத்திரத்தின் வாயில் போட்டு வைத்தேன். புத்தகம் வந்து ஒரு மாதத்துக்குள் சென்னையிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டார். 1913-லேயே வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் மவுண்ட் ரோடில் எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டிவிட்டார். உங்கள் ஊர்க் கொட்டகை 1914-ல்தான் வந்தது. தயவு செய்து அடுத்த பதிப்பில் திருத்தவும் என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. பாத்திரம் சொன்னது, ஆசிரியர் சொன்னதல்ல என்று பதில் எழுதித் தப்பித்துக்கொண்டேன். அது வீம்பு. உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தல்தான் என்னைச் சாமிக்கண்ணு வின்சென்ட்டின் கதைக்குள் கொண்டுபோய் விட்டது.

வின்சென்ட் 1883-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் படம் வரைகிற குமாஸ்தா வேலை. சம்பளம் மாதம் இருபத்தைந்து ரூபாய். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியவில்லை. கையிலிருந்த இயந்திரத்தையும் ஏசுநாதர் சரித்திரப் படத்தையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். விலை 2,250 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சல்லிக்காசு செலவு செய்யாமல் சம்பளம் முழுவதையும் சேர்த்து வைத்தாலும் ஏழரை வருஷம் ஆகும். இருபத்திரண்டு வயதுக் குமாஸ்தா, ரயில்வே உத்தியோகத்தை உதறிவிட்டு, வெள்ளைச் சீலைமேல் ஆடுகிற நிழலுக்காக இத்தனை பணத்தைப் புரட்டியிருக்கிறார்! அந்த வீட்டுப் பெரியவர்கள் என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று ஒரு நாவலாசிரியன் யோசிக்காமல் இருக்க முடியுமா? ஆனால் அதை நான் கற்பனை செய்யலாமே தவிர, சரித்திரம் என்று சொல்லக் கூடாது. கார்டு போட்ட வாசகர் கற்றுக்கொடுத்த பாடம்.

கூடாரத்தையும் இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு அவர் சுற்றிய ஊர்களுக்குக் கணக்கில்லை. 1909-ல் சென்னையில் கூடாரம் அடித்தார். வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போனார். அந்தக் காலத்துப் படத்துக்கு வாய் கிடையாது. இயந்திரத்தைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் படத்திலுள்ள மனுஷர்களும் சோர்ந்து நடப்பார்கள். அவனுக்கு வீட்டுக்குப் போக அவசரம் என்றால் அவர்களும் ஓடுவார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, “இதோ வருகிறார், இதோ போகிறார்” என்று உரத்த குரலில் கதை சொல்வார். கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் எழும்ப வேண்டும். கதாகாலட்சேபத்தில் பழகிய நம் ஜனங்களுக்கு இது அந்நியமாகவே தோன்றியிராது. பாகவதருக்குப் பின்னால் படம் அசைகிறது, அவ்வளவுதானே வித்தியாசம்!

இப்படி அலைந்த மனிதர் 1914-ல் சொந்த ஊருக்குத் திரும்பி நிலையாக ஒரு கொட்டகை கட்டினார். அதுதான் வெரைட்டி ஹால். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடலாம். சுவரை எழுப்பிவிட்டால், ‘நாளைக்கும் ஜனங்கள் வருவார்கள்’ என்று பந்தயம் கட்டின மாதிரி. அப்போது ஊரில் மின்சாரம் ஏது? பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் உற்பத்தியானதே 1932-ல்தான். அதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே அவர் எண்ணெய் எஞ்சின் வைத்துத் தம் கொட்டகைக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். ஒரு வசதி கையில் வந்துவிட்டால் சும்மா இருக்கிற சுபாவம் அவருக்கு இல்லை. அச்சுக்கூடம், அரிசி ஆலை என்று அதைக்கொண்டே வேறு தொழில்களையும் பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில் எடிசன், ரெயின்போ என்ற கொட்டகைகளும் அவர் கையில் இருந்தன.

1931-ல் ‘காளிதாஸ்’ வந்து படத்துக்கு வாய் திறந்தது. இரண்டு வருஷம் கழித்து, கல்கத்தா பயோனியர் கம்பெனியோடு சேர்ந்து வின்சென்ட் ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். டி. பி. ராஜலட்சுமி வள்ளி. படம் நன்றாக ஓடிப் பணமும் வந்தது. 1942-ல் அவர் காலமானார். சினிமா ஸ்டூடியோக்கள் கோயம்புத்தூரில் கொடி கட்டிப் பறந்ததையும் ஓரளவு பார்த்துவிட்டுத்தான் போனார்.

இவ்வளவும் புத்தகத்தில் கிடைக்கிற சங்கதி. என் அப்பத்தா சொன்ன சங்கதி வேறு.

அப்பத்தா பத்துப் பதினொரு வயதில் சிங்காநல்லூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வெரைட்டி ஹாலுக்கு வந்தவள். என்ன படம் என்று கேட்டால் தெரியாது. “ஒரு புள்ள பரண்மேல நின்னுக்கிட்டுக் கவண் சுத்துச்சு கண்ணு. கல்லு நம்ம மேல வந்து விழுந்துரும்னு நான் குனிஞ்சுட்டேன்” என்பாள். வள்ளிதான், சந்தேகமில்லை. ஆனால் ராஜலட்சுமியின் வள்ளிதானா, நாடகத்தில் பார்த்த வள்ளி ஞாபகத்தில் வந்து திரையில் ஏறிக்கொண்டாளா, யார் கண்டது? அப்படிக் குனிந்தபோது காதிலிருந்த தோடு ஒன்று கழன்று விழுந்துவிட்டது. தரை டிக்கெட், இருட்டு, சுற்றிலும் ஜனம். விளக்குப் போட்டபின் தேடினார்கள், கிடைக்கவில்லை. வண்டியில் திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுடைய ஐயன் திட்டிக்கொண்டே வந்தாராம். அதற்கப்புறம் கல்யாணம் ஆகும் வரைக்கும் அவளைச் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது அதே கொட்டகைக்கு டிலைட் என்ற பேரில் அடிக்கடி போவேன். திரும்பி வந்ததும் அப்பத்தா திண்ணையிலிருந்து கேட்பாள்: “என்ற தோடு கெடைச்சுதா கண்ணு?” முதலில் வேடிக்கையாகத்தான் கேட்டாள். கடைசிக் காலத்தில், ஞாபகம் தடுமாறிய பிறகு, நிஜமாகவே கேட்டாள். “அந்தச் சுவத்தோரம் பார்த்தியா?” என்பாள். பார்த்தேன், இல்லை என்று சொல்வேன். ஒரு நாள்கூட நான் குனிந்து பார்த்ததில்லை.

இடித்துவிட்ட செய்தி தெரிந்து ஒரு மத்தியானம் அங்கே போனேன். முதல் கொட்டகையா, இரண்டாவது கொட்டகையா என்ற வழக்கு அந்த வெயிலில் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. வார்விக் மேஜரின் எலெக்ட்ரிக் தியேட்டர் 1915-லேயே படம் காட்டுவதை நிறுத்தித் தபால் இலாகாவின் கைக்குப் போனது; அதனால்தான் அந்தக் கட்டடம் இன்றைக்கும் அண்ணா சாலையில் நிற்கிறது. தபால்தலை சேகரிப்போர் அங்கே வந்து போகிறார்கள். நூறு வருஷம் படம் காட்டியது மண்ணாகிவிட்டது; இரண்டு வருஷத்தில் கடையைக் கட்டியது பிழைத்துக்கொண்டது. என்ன நியாயமோ!

தெருவில் வண்டிகள் நகர இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நான் நிற்பதைக் கவனித்துவிட்டு வந்தார்.

“என்னங்க, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்டார்.

அப்போதுதான் தெரிந்தது, நான் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று. “தோடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவரும் பாவம், டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் தேடினார்.