சேலத்தில் பிறந்த வெசாக் குரல்

கொட்டாஞ்சேனையிலுள்ள தீபதுத்தாராமய விகாரைக்கு இலங்கை வரலாற்றில் மறக்கவொண்ணாத இரண்டு நாட்கள் உண்டு. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறன்று, அவ்விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுப் பெருங்கலகம் மூண்டது. நீதி கேட்டு ஒல்கொட் லண்டன் வரை சென்றார். அம்முயற்சிகளின் பயனாக வெசாக் பௌர்ணமி விடுமுறை நாளாயிற்று. 1885 ஏப்ரல் 28 அன்று வந்த அம்முதல் விடுமுறையில், மீகெட்டுவத்தே குணானந்த தேரர் அதே விகாரையில் பௌத்தக் கொடியை ஏற்றினார்.

சமயப் பூசலின் பின் கிடைத்த அத்திருநாளில், பிற்காலத்தே ஒலிபெருக்கிதோறும் கேட்ட குரல் ஒரு முஸ்லிமினுடையது. அதுவும் இலங்கையிற் பிறவாத ஒருவருடையது. அவரே அல்ஹாஜ் மொஹிதீன் பேக்.

1919 டிசம்பர் 5 ஆம் நாள் சேலத்திற் பிறந்த பேக், 1930களின் தொடக்கத்திற் சிறுவராகக் கொழும்பு வந்து சேர்ந்தார். அவர் வந்த காலம் நல்ல காலம். பார்சி நாடகக் குழுக்கள் முன்னரே இந்துஸ்தானி மெட்டுகளை இங்கு பரப்பியிருந்தன. ஜோன் டி சில்வாவின் சிங்கள நாடகங்களுக்கு இசையமைக்க வட இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி வந்ததும், 1911 இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்ததும் சிங்கள மக்களின் செவியை அவ்விசைக்குப் பழக்கிவிட்டன. அதன் பின் கிராமபோன் தட்டுகள் வந்தன. அவற்றுக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற மொஹமட் கௌஸ் மாஸ்டரின் ஆதரவு பேக்கிற்குக் கிட்டியது. லக்ஷ்மிபாயுடன் சேர்ந்து அவர் பாடிய இசைத்தட்டு, அவருக்குச் சிங்கள இசையுலகின் கதவைத் திறந்தது.

சிங்களத் திரைப்படத்தின் கதையும் இது போன்றதே. 1947 இல் வெளியான முதற் படம் ‘கடவுனு பொறொந்துவ’ தமிழராகிய எஸ். எம். நாயகத்தால் மதுரையில் எடுக்கப்பட்டது. அதன் கதாநாயகி ருக்மணிதேவியின் இயற்பெயரிலேயே ‘ராசம்மா’ என்ற தமிழ்ப்பெயர் இருந்தது. அதே ஆண்டில் கோயம்புத்தூரில் உருவான ‘அசோகமாலா’வுக்குக் கௌஸ் மாஸ்டர் இசையமைக்க, பேக் அதிற் பின்னணிப் பாடகரானார். கடல் கடந்து வந்தவரின் சிங்களத் திரைவாழ்வு, பிறந்த ஊரின் அயலிலேயே எடுக்கப்பட்ட ஒரு படத்தில் தொடங்கியது வியப்பன்றோ! பின்னர் ருக்மணிதேவியுடன் அவர் பாடிய இணைப்பாடல்கள் நாடெங்கும் பரவின.

குறை கூறியோரும் இருந்தனர். ஹிந்தி மெட்டுக்குச் சிங்களச் சொற்களைப் பொருத்தும் வழக்கத்தைச் சுனில் சாந்த போன்றோர் வெறுத்தனர். ‘அசோகமாலா’விலேயே கௌஸ் மாஸ்டரின் குழுவில் வயலின் வாசித்த அமரதேவ, பின்னாளில் சிங்கள இசைக்குத் தனிவழி வகுத்தார். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பல பாடல்கள் இரவல் மெட்டுகளே. ஆயினும் அந்நாளைய நேயர்கள் விரும்பியதும் அதுவே. பஞ்சாபிக் குடும்பத்தவரான ஸைகலின் பாட்டு ஒன்றுடன் காலைப் பழம்பாடல் நிகழ்ச்சியை முடிப்பது இலங்கை வானொலி ஹிந்திச் சேவையின் வழக்கமாயிருந்தது. பஞ்சாபிற் பிறந்த மொஹமட் ரபிக்கும் இங்கு ரசிகர் பலர். பேக்கை ரபியோடு ஒப்பிட்டோரும் உண்டு. மெட்டு எங்கிருந்து வந்தாலும், உச்சஸ்தாயியிற் கணீரென்றெழும் அக்குரல் இரவல் அன்று.

1956 இல் புத்தர் பரிநிர்வாணமடைந்த 2500 ஆம் ஆண்டு விழா பெருஞ்சிறப்புடன் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. 1958 இலும், 1983 ஜூலையிலும் கொழும்பிலே தமிழர் தாக்கப்பட்டனர். 1983 இல் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குரலை வெசாக் பந்தலின் கீழ் நின்று உருகிக் கேட்ட நகரந்தான், தமிழ் பேசிய அயலவரை அகதி முகாமுக்கு அனுப்பியது. இசையால் இனப்பகை தீரும் என்போர் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். எனினும் பேக் புத்தரைப் பாடியதால் தம் மார்க்கத்தை விட்டவரல்லர். ஹஜ் யாத்திரை செய்து அல்ஹாஜ் எனப்பட்டவர். கேட்ட பௌத்தர்களும் அதனை ஒரு குறையாகக் கொள்ளவில்லை. கலாசூரி விருதும் அவரைத் தேடி வந்தது.

1991 நவம்பர் 4 ஆம் நாள் பேக் காலமானார். அவர் மைந்தர் இஷாக் பேக்கும் சிங்களப் பாடகராகவே பெயர் பெற்றார்.