நாய்க்கு நடுகல் உண்டு, நாயைக் காத்தவருக்கு?

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். எங்கள் சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு ரொம்பத் தூரமில்லை. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுபிடிச் சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். வீரனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஏறக்குறைய 1400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்வெட்டில் ஏற்றியவர்கள் நாம்! கர்நாடகத்தில் ஆதகூர் என்ற இடத்திலும், பன்றியோடு சண்டை போட்டுச் செத்த காளி என்ற வேட்டைநாய்க்குப் பத்தாம் நூற்றாண்டுக் கல் உண்டு.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இதெல்லாம் வேலை செய்த நாய்க்குக் கிடைத்த மரியாதை. வேட்டையும் தெரியாது, காவலும் தெரியாது, குப்பைத்தொட்டி ஓரத்தில் கண் திறக்காமல் கிடக்கும் குட்டிக்கு யார் மரியாதை தருவார்கள்? அதைத் தூக்கி வந்து, பால் ஊட்டி, ஊசி போட்டு, ஒரு வீடு தேடிக் கொடுப்பவர்களுக்கு எந்த ஊரிலும் கல் கிடையாது. அவர்களுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இன்று அதைத்தான் எழுதப் போகிறேன்.

தெருநாயைக் கொல்லும் வழக்கத்தை வெள்ளைக்காரன் ஆட்சிதான் பெரிய அளவில் கொண்டுவந்தது. 1832ல் பம்பாயில் போலீஸ் நாய்களைக் கொல்ல ஆரம்பித்தபோது பார்சிகள் கடையடைத்துக் கலகமே செய்தார்கள். அவர்கள் மதத்தில் நாய்க்குப் பெரிய இடம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அதே இங்கிலாந்தில் 1860ல் மேரி டீல்பி என்ற பெண்மணி லண்டன் தெருக்களில் பசியால் சாகும் நாய்களுக்காக ஒரு விடுதி திறந்தார். பத்திரிகைகள் கேலி செய்தன. மனிதருக்கே வீடில்லை, நாய்க்கு வீடா என்றார்கள். (இந்தக் கேள்வி இன்றும் நம் ஊரில் மாறவில்லை!) அந்த விடுதிதான் 1871ல் பாட்டர்ஸீக்கு இடம் மாறி, இன்றும் உலகப் புகழோடு நடக்கிறது.

நாயைக் கொன்றவர்கள் எல்லாரும் கொடூரர்கள் என்று சொல்ல மாட்டேன். பயம்தான் காரணம். வெறிநோய் வந்துவிட்டால் அப்போதும் பிழைப்பில்லை, இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான். பாஸ்டர் தடுப்பூசி கண்டுபிடித்தது 1885ல். தென்னிந்தியாவுக்கு அது வந்தது 1907ல், குன்னூர் பாஸ்டர் நிலையம் திறந்தபோது. கடிபட்டவர்கள் ரயிலேறிக் குன்னூர் போன காலம் அது. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியை நம் அப்பா அம்மா தலைமுறை இன்றும் மறக்கவில்லை. ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்தை இந்தியா கைவிட்டதே 2004 கடைசியில்தான்.

இனி சென்னைக்கு வருவோம். அன்றைக்கு மெட்ராஸ். 1953ல் ஆந்திரா பிரியும் வரை சித்தூருக்கும் அதுதான் தலைநகரம், பிரிந்த பிறகும் பெரிய ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி எல்லாவற்றுக்கும் நமக்கு அதுதானே! அங்கே 1952ல் ராஜ்ய சபா உறுப்பினரான கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகள் வதைத் தடைக்காகத் தனி மசோதா கொண்டுவந்தார். அதன் விளைவுதான் 1960 சட்டம். 1962ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான்.

அதே சமயத்தில் தி.நகரில் ஒரு குடும்பம். கேப்டன் வி.சுந்தரம் விமானி. மனைவி உஷா சுந்தரமும் விமானி, இந்தியாவின் ஆரம்பகாலப் பெண் விமானிகளில் ஒருவர். 1951ல் இங்கிலாந்திலிருந்து ஒரு விமானத்தை இருவருமாக ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைச் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்ததில்தான் ப்ளூ கிராஸ் ஆரம்பித்தது என்பார்கள். 1959ல் வீட்டிலேயே தொடங்கி, 1964ல் முறையாகப் பதிவு செய்தார்கள்.

குட்டிகளைத் தூக்கி வந்து வளர்ப்பது பெரிய விஷயமில்லை, பலர் செய்திருக்கிறார்கள். இவர்கள் செய்த பெரிய காரியம் அடுத்தது. மாநகராட்சி தினமும் நாய் பிடித்துக் கொல்கிறது, ஆனாலும் நாய் குறையவில்லை. ஏன்? ஒரு தெருவில் நாய்களை அகற்றினால் பக்கத்துத் தெரு நாய் அந்த இடத்துக்கு வருகிறது. சாப்பாடு இருக்கிறது, போட்டி இல்லை, குட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. ஊசி போட்ட நாய் போய் ஊசி போடாத நாய் வருகிறது, அவ்வளவுதான். சுந்தரத்தின் மகன், இன்ஜினியரான சின்னி கிருஷ்ணா, இதைக் கணக்காகப் பார்த்தார். பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, அதே தெருவில் விடு. இதற்கு ஏபிசி என்று பெயர் வைத்து 1964லேயே மாநகராட்சியிடம் சொன்னார்கள்.

மாநகராட்சி ஒத்துக்கொண்டது எப்போது தெரியுமா? 1990களின் நடுவில், முதலில் தென் சென்னையில் மட்டும், 1996ல் ஊர் முழுவதும். முப்பது வருஷத்துக்கு மேல்! அதுவரை மின்சாரம் பாய்ச்சிக் கொல்வது நடந்துகொண்டே இருந்தது. 1970களில் கொன்ற நாய்களின் தோலில் டை, பர்ஸ் செய்யும் அளவுக்குப் போனது என்று சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். இந்த முப்பது வருஷமும் சொந்தச் செலவில் ஆபரேஷன் செய்து, மனு எழுதி, ஏச்சு வாங்கிக்கொண்டு இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1990ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் கொல்வதால் பயனில்லை என்று சொன்னபிறகுதான் காற்று திரும்பியது. 1996ல் சென்னையில் வெறிநோயால் இறந்தவர்கள் 120 பேர், பத்துப் பதினைந்து வருஷத்தில் அது பூஜ்யத்தை நெருங்கியது என்பது ப்ளூ கிராஸ் தரும் கணக்கு.

2001 டிசம்பரில் இதுவே நாடு முழுவதற்கும் விதியானது. 2023ல் புது விதிகள் வந்தன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அலிபிரியிலோ சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கமோ ஒரு நாயின் காதில் சின்ன வெட்டு இருந்தால் பயப்படாதீர்கள். அது அடிபட்ட காயமல்ல, கருத்தடை ஆனதற்கு அடையாளம். தி.நகர் வீட்டில் பிறந்த யோசனை அந்தக் காது வரை வந்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இந்தியாவில் இன்னும் வருஷத்துக்கு ஏறக்குறைய 5,700 பேர் வெறிநோயில் சாவதாக 2022-23 கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். கடிபட்ட குழந்தையின் அம்மாவிடம் போய் ஜீவகாருண்யம் பேச முடியாது. 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களை எல்லாம் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பத்தே நாளில் அதை மாற்றி, ஊசி போட்டு அதே இடத்தில் விடலாம், வெறிநோய் பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்றது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையங்களிலிருந்து அகற்றச் சொன்னது. விதி இருக்கிறது, ஆனால் ஒரு ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது ஊசி போட்டால்தான் நோய் நிற்கும். பத்துக்குப் போட்டுவிட்டு விட்டால் விதியைத் திட்டிப் பயனில்லை.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தெருவில் நிற்பதெல்லாம் தெருவில் பிறந்ததல்ல. 2003ல் ஹட்ச் விளம்பரத்தில் பக் நாய் பையன் பின்னாலேயே ஓடியது ஞாபகமிருக்கிறதா? ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். மூச்சுத் திணறல், தோல் வியாதி என்று செலவு வந்ததும் சிலர் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் லாப்ரடார், சென்னை வெயிலில் ஹஸ்கி! விசா வந்துவிட்டது, வீட்டைக் காலி செய்கிறோம், நாயை என்ன செய்வது என்று கடைசி வாரத்தில் யோசிக்கும் குடும்பங்களும் உண்டு. வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் சண்டை போடத் தெரியாது, சாப்பாடு தேடத் தெரியாது. பசியில் வாட விட்டுவிட்டுப் போவது 1960 சட்டப்படியே குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை!

அந்த நாயைத் தேடிப் போவது யார்? ஆபீஸ் முடிந்து ஆட்டோவில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகும் ஒரு பெண், மாடியில் நான்கு நாய் வைத்துக்கொண்டு வீட்டு ஓனரிடம் திட்டு வாங்கும் ஒரு பையன், ரிட்டையர் ஆன ஒரு மாமி. அவர்கள் நாயைத் தத்து கொடுக்கும்போது நூறு கேள்வி கேட்பார்கள். சொந்த வீடா, வாடகையா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வெளிநாடு போகும் எண்ணம் உண்டா? கோபப்படாதீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை கைவிடப்பட்ட ஜீவனுக்காகக் கேட்கும் கேள்விகள் அவை.

இவர்களுக்குச் சால்வை போர்த்தி போட்டோ எடுப்பதைவிட மூன்று காரியம் செய்யலாம். ஊரில் அப்பா அம்மா துணைக்கு நாய் கேட்டால் கடையில் வாங்காமல், கொஞ்சம் வயதான நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்துக் கொடுங்கள், நம் வெயிலுக்கு அதுதான் தாங்கும். ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு தெரு நாய்களின் ஊசிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். கிளம்பும்போது நாய் இருந்தால், டிக்கெட் போடும் அன்றைக்கே அதற்கு வீடு தேட ஆரம்பியுங்கள்.

கோவிவனுக்குக் கல் நட்டவர்கள் அதன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். குட்டியைத் தூக்கி வந்தவர்களுக்குக் கல் வேண்டாம். அவர்கள் தேடிக் கொடுத்த வீட்டில் அந்த நாய் கடைசி வரை இருந்தால் போதும்.