தனி ஊசல், கூட்டு ஊசல்

சேக்காட்டில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடு எழும்புகிறது. சுவரின் நேர் பார்க்க மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். அது ஆடியது, ஒற்றை விரலால் தொட்டு நிறுத்தினார். ஆடாமல் நின்றால்தான் அவருக்கு வேலை நடக்கும். பிளஸ் ஒன் பிராக்டிகலிலோ அதே நூலும் குண்டும் ஆடினால்தான் மார்க். அங்கே அதன் பெயர் தனி ஊசல்.

ஊசல் என்றால் ஊஞ்சல்தான். சிலப்பதிகாரத்தில் ஊசல்வரி, திருவாசகத்தில் திருப்பொன்னூசல், பெண்பால் பிள்ளைத்தமிழில் ஊசற் பருவம். பேச்சில் அது ஊஞ்சலாகிவிட, பழைய வடிவம் மனமும் உயிரும் ஊசலாடுவதற்கென்று மிஞ்சியது. (ஊசிப்போன சாம்பார் வேறு வகையறா.) அதைத்தான் பாடநூல்காரர்கள் எடுத்துக் கடிகாரத்துக்குள் தொங்கவிட்டார்கள்.

'தனி' எதற்கு? கூட்டு ஊசலிலிருந்து பிரித்துக் காட்ட. எடையற்ற நூல், நுனியில் ஒரே புள்ளியில் முழு எடை என்றால் தனிக்குடித்தனம். உடம்பெல்லாம் எடை பரவிக் கிடந்தால் கூட்டுக்குடும்பம். அப்படிப் பார்த்தால் பெயரைக் கொடுத்த ஊஞ்சலே, பலகையும் சங்கிலியும் ஆளுமாக, கூட்டு ஊசல்தான்! 1821இல் சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் கோல்டிங்காம் ஆட்டிப் பார்த்த பித்தளை ஊசலும் அந்த வகைதான். ஆனால் அவர் கணக்குப் போட்டுத் தேடியது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு வினாடி எடுக்கும் தனி ஊசலின் நீளத்தை. சென்னையில் அது சுமார் 99.1 செ.மீ., லண்டனில் 99.4. நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமி புடைத்துச் சுழல்வதால் இங்கே இழுப்பு கொஞ்சம் குறைவு. லண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் இங்கே வந்தால் நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்தும்.

தனி ஊசலில் ஒதுக்கிப் பிடித்த குண்டை விட்டால் அதன்மேல் இரண்டே விசைகள்: கீழே இழுக்கும் எடை, நூல் வழியே மேலிழுக்கும் இழுவிசை. எடையில் நூலின் திசையில் விழும் பங்கை நூல் தாங்கிக்கொள்கிறது. குறுக்கே விழும் பங்குதான் குண்டை நடுவுக்குத் திருப்புகிறது. அடியைக் கடக்கையில் வேகமும் அதிகம், நூலின் இழுப்பும் அதிகம். ஊஞ்சலில் அந்த இடத்தில் உடம்பு கனப்பது அதனால்தான்.

ஊஞ்சலுக்கு மூன்றாவது விசை ஒன்று உண்டு, பின்னாலிருந்து தள்ளும் கை. கலித்தொகையில் அதற்குப் பெயர் ஊக்குதல். குறிஞ்சிக்கலியில் ஒருத்தி ஊசலில் அமர்ந்து, வந்தவனிடம் சற்றே ஊக்கச் சொல்கிறாள். காலம் பார்த்து ஊக்கினால் சின்னச் சின்னத் தள்ளலிலேயே வீச்சு ஏறும். இப்படிப் புறவிசையால் ஆடுவதைப் பாடநூல் 'திணிப்பு அதிர்வு' என்கிறது. கையில் ஊக்கு என்ற சொல் இருக்க, ஊஞ்சலில் உட்கார்ந்தவளிடம் போய் யாராவது திணிப்பார்களா?