முன்னறிவும் முரணும்: காலப்பயணத் திரைப்படங்களும் 1942 இன் திருகோணமலையும்

காலத்தைக் கடந்து செல்லுதல் என்னும் கற்பனை திரைப்படக்காரர் புதிதாகக் கண்டதன்று. தன் மகள் இரேவதிக்கு ஏற்ற மணமகனைக் கேட்டறியப் பிரமலோகம் சென்ற ககுத்மி மன்னன், அங்கே சிறுபொழுது காத்திருந்து மீண்டபோது பூவுலகில் யுகங்கள் பல கழிந்திருந்தன எனப் பாகவதம் கூறும். ஆயினும் அவன் முன்னோக்கியே சென்றான். கழிந்த காலத்துட் புகுந்து அதனைத் திருத்த அவன் முயலவில்லை. இயந்திரமொன்றின் துணையால் விரும்பிய காலத்துக்குச் செல்லலாம் என்னும் எண்ணத்தை எச். ஜி. வெல்ஸ் 1895 இல் எழுதிய 'கால இயந்திரம்' என்னும் நாவல் பரவச் செய்தது. திருத்தும் ஆசையைப் பெரிதும் வளர்த்தது திரைப்படமே.

அவ்வாசையோடு முரண்களும் பிறந்தன. பின்னோக்கிச் சென்றவன் தன் பாட்டனைக் கொன்றுவிட்டால் அவன் பிறந்திருக்க வழியில்லை. பிறவாதவன் கொன்றது எங்ஙனம்? இது யாவரும் அறிந்த புதிர். இதனினும் ஆழமானது, ஒன்றைத் தடுக்கச் செய்யும் செயலே அதனை விளைவித்துவிடும் முரணாகும். 1984 இல் வெளிவந்த 'த ரேர்மினேற்றர்' படத்தில், பிறக்கவிருக்கும் ஒருவனை இல்லாதொழிக்க எதிரிகள் எடுக்கும் முயற்சியே அவனுடைய தந்தையைக் கடந்த காலத்துக்கு வரவழைக்கின்றது. கஞ்சன் கதையும் இதுவேயன்றோ? அசரீரியைக் கேட்டு அவன் தேவகியைச் சிறையிட்டமையாலேயே கண்ணன் அவன் கைக்கெட்டாத ஆயர்பாடியில் வளர்ந்தான். தமிழில் ஆர். இரவிக்குமார் இயக்கி 2015 இல் வெளிவந்த 'இன்று நேற்று நாளை' படத்திலும், கடந்த காலத்திற் செய்யும் ஒரு சிறு குறுக்கீடு, இறந்திருக்க வேண்டிய கொடியவன் ஒருவனைப் பிழைக்கச் செய்கின்றது.

எமது துறைமுகத்தோடு நெருங்கிய உறவுடைய படமொன்று உண்டு. அது 1980 இல் வந்த 'த பைனல் கவுண்ட்டவுன்'. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான 'நிமிற்ஸ்' விந்தையான புயலொன்றினால் 1941 டிசம்பர் 6 ஆந் திகதிக்குத் தள்ளப்படுகின்றது. மறுநாட் காலையில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கவிருக்கும் யப்பானியக் கடற்படை அதன் கைக்கெட்டும் தொலைவில் நிற்கின்றது. கப்பற்றலைவர் தாக்கத் துணிந்து விமானங்களையும் அனுப்பிவிடுகிறார். அப்பொழுது புயல் மீண்டும் வந்து கப்பலைத் தன் காலத்துக்கே இழுத்துச் சென்றுவிடுகின்றது. முரணை எழுப்பிவிட்டு விடைகூறாது நழுவும் இம்முடிவு எனக்கு நிறைவு தரவில்லை.

படம் கைவிட்ட அக்கடற்படை அங்கே நின்றுவிடவில்லை. நகுமோவின் தலைமையிற் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களுள் ஐந்து, நான்கு மாதங்களின் பின் இலங்கையை நோக்கி வந்தன. முன்னறிவு இங்கே கற்பனையாக இருக்கவில்லை. ஏப்பிரல் முதலாந் திகதியளவில் தாக்குதல் நிகழும் என உளவுச் செய்தி கிடைத்திருந்தது. கடற்படைத் தளபதி சொமவில் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எவரும் வரவில்லை. எச்சரிக்கை பொய்யன்று; நாள்தான் பிழைத்தது. கப்பல்கள் பிரிந்து சென்றன. 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைக்கு அனுப்பப்பட்டது. 4 ஆந் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல் எதிரிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது.

8 ஆந் திகதி மாலை எதிரி மீண்டும் தென்பட்டான். இம்முறை இலக்குத் திருகோணமலை என்பது ஊகிக்கத்தக்கதாயிற்று. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. ஹேர்மிஸ் தன் விமானங்களைக் கரையில் விட்டு, 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலுடன் தெற்கே சென்றது. 9 ஆந் திகதி காலை ஏழரை மணியளவில் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. துறைமுகத்தில் ஹேர்மிஸ் இல்லை. முன்னறிவு வென்றது என்றே அக்கணத்தில் எவரும் கூறியிருப்பர்.

ஆயின் திரும்பி வருமாறு கட்டளை பெற்று வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்த ஹேர்மிஸை, 'ஹருணா' என்னும் யப்பானியப் போர்க்கப்பலின் விமானமொன்று கண்டுவிட்டது. கேட்ட போர்விமானங்கள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. விமானந்தாங்கிக் கப்பல், தாங்க விமானமின்றி, மட்டக்களப்புக் கடலில் முற்பகலில் மூழ்கியது. இறந்தோர் 307 பேர். வம்பயரும் தப்பவில்லை. நான்கு நாள்களுக்கு முன் 'கோண்வோல்', 'டோசெற்சயர்' என்னும் இரு கப்பல்களும் எச்சரிக்கை கேட்டுக் கொழும்பை நீங்கிச் சென்றே கடலில் அழிந்திருந்தன.

காப்பதற்கெனச் செய்த செயலே அழிவுக்கு வழியாயிற்று என்றால், கப்பலை வெளியேற்றியது தவறா? 'இவ்வாறு நிகழ்ந்திருந்தால்' என்னும் வினாக்களை ஈ. எச். கார், 1961 இல் வெளிவந்த 'வரலாறு என்றால் என்ன?' என்னும் நூலில், பொழுதுபோக்கு விளையாட்டெனத் தள்ளினார். அவருடன் இவ்விடத்தில் உடன்பட முடியவில்லை. அன்றிரவு கட்டளையிட்டோருக்கு இரண்டு வழிகளும் திறந்தேயிருந்தன. துறைமுகத்திற் கிடந்த கப்பல் குண்டுக்கு எளிய இலக்கு என்பதைப் பேர்ள் துறைமுகம் கற்பித்திருந்தது. அப்பாடத்தையே அவர்கள் பின்பற்றினர். முடிவை அறிந்த நாம் அவர்களைக் குற்றங் கூறுவது, இயந்திரமின்றியே காலப்பயணஞ் செய்வதாகும். மற்றொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. காலப்பயணப் படங்களின் நாயகர் சனாதிபதியையோ கடற்படையையோ காக்கவே பெரும்பாலும் செல்கின்றனர். போர் வரலாற்று நூல்களும் கப்பலின் பெயரையும் மாலுமிகளின் தொகையையும் தவறாது தருவன. கப்பற்றளத்தில் உழைத்த தொழிலாளர் அவற்றில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுவர். அன்று காலை சீனன்குடாவில் யப்பானிய விமானமொன்று எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது வீழ்ந்தது. தீ பல நாள்கள் எரிந்தது. அத்தாங்கியின் உருகிய எச்சத்தைக் காட்டுவோர், விமானியின் துணிவைப் பற்றியே பேசுகின்றனர்.

அன்றைய தாக்குதலில் தீப்பற்றிய 'சகாயிங்' என்னும் வணிகக் கப்பல் துறைமுகத்தினுள்ளேயே அமிழ்ந்து கிடந்தது. 2018 இல் இலங்கைக் கடற்படையினர் அதனை நீருக்கு மேலே கொணர்ந்தனர். பின்னர் இழுத்துச் சென்று வேறோரிடத்தில் மீண்டும் அமிழ்த்தினர்.