கிராணி நோயும் வட ஆர்க்காடும்

அரசர்களின் படையெடுப்புகளை ஆண்டு தவறாமல் ஒப்புவிக்கும் நாம், நோய்களின் படையெடுப்புகளைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். வேலூர் என்றால் 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்ப் புரட்சியும், அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்களும் நம் நினைவுக்கு வருகின்றனர். அதே வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் 1960ஆம் ஆண்டையொட்டி மற்றொரு படையெடுப்பு நிகழ்ந்தது. அதற்குக் கொடியும் இல்லை, முரசும் இல்லை. அது மக்களின் குடலுக்குள் புகுந்து கொன்றது. அந்த நிகழ்ச்சியும், அதனை ஆராயப் புகுந்தவர்கள் கண்ட உண்மைகளும் மருத்துவ உலகின் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. நம் நூல்களில்தான் அவற்றுக்கு இடமில்லை.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே சென்றால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. காடும் அருவியும் சிறியதோர் உயிரியல் பூங்காவும் உள்ள இடம். பெயரிலேயே அமிர்தத்தின் சாயல் உண்டு. அங்கே மலையிலிருந்து இறங்கும் நீரைக் கண்டவர்கள், கீழே சமவெளியில் பாலாற்றங்கரை ஊர்களின் நீரையும் கண்டால் இரண்டுக்கும் உள்ள தொலைவை உணர்வார்கள். நாம் சொல்ல வந்த வரலாறு அந்தத் தொலைவைப் பற்றியதே.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். உண்ட உணவு உடலில் ஒட்டாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பேதியாகிக்கொண்டே இருக்கும். நாக்கு வெந்து சிவக்கும். உடல் உருகும், இரத்தம் குன்றிச் சோகை பிடிக்கும். நம் நாட்டு வைத்தியர்கள் இவ்வகை நோயைக் கிராணி என்று நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மேலை மருத்துவர்களில் வில்லியம் ஹில்லரி என்பவர் பார்படோஸ் தீவில் இதனைக் கண்டு 1759இல் எழுதி வைத்தார். சீனத்துறைமுகமான அமோயில் பணிபுரிந்த பாட்ரிக் மான்சன் 1880இல் விரிவாக விவரித்தார். டச்சுச் சொல் ஒன்றிலிருந்து பிறந்த 'ஸ்ப்ரூ' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. இரண்டாம் உலகப்போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த படைவீரர்களையும் இது வாட்டியது.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. குடலுறிஞ்சிகள் எனப்படும் அவையே உணவின் சத்தை இரத்தத்துக்கு ஏற்றி அனுப்புபவை. அழற்சியால் அவை குட்டையாகித் தட்டையாகும்போது சத்து உள்ளே செல்லும் வாயில் அடைபட்டுவிடுகிறது. சோறு இருந்தும் பட்டினி கிடக்கும் நிலை இது.

இந்நோய்க்கான மருந்தின் வரலாறும் நம் மண்ணோடு பிணைந்ததே. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கருவுற்ற பெண்களைப் பெருமளவில் கொன்றுகொண்டிருந்த ஒருவகைச் சோகையை ஆராய்வது அவர் நோக்கம். அவர் பல்வேறு சமூகத்துப் பெண்களின் உணவைக் கணக்கெடுத்தபோது, ஏழை முஸ்லிம் பெண்களின் உணவே மிகவும் குறைபாடு உடையதாக இருந்தது. சோகைக்கு மிகுதியாக ஆளானவர்களும் அவர்களே. நம் சமுதாய வரலாற்றை எழுதுவோர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது. பம்பாயிலும், நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும் அவர் நடத்திய ஆய்வுகளின் முடிவில், மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சத்து அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று 1931இல் வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் யாதென்று அப்போது எவருக்கும் தெரியாது. பின்னாளில் அது ஃபோலிக் அமிலம் என்று பெயர்பெற்றது.

அந்த அமிலத்தைச் செயற்கையாக ஆக்கித் தந்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்த அவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை அறைக்குக் கதராடை அணிந்து சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு உள்ளாகி, முழுப்பட்டம் கிடைக்காமல் போனவர். அவருடைய உடன்பிறந்தார் இருவரை அடுத்தடுத்துப் பறித்துக்கொண்டது இந்தக் கிராணி நோய்தான். அவரையும் அது பற்றியது. ஆயுர்வேத அறிஞர் ஆசண்ட லட்சுமிபதியின் வைத்தியத்தால் அவர் பிழைத்தார். அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தார்.

பின்னர் 1920களில் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆராய்ந்த சுப்பாராவ், 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். 1945இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். கியூபாவில் கிராணி நோயாளிகளுக்கு டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் அதனைக் கொடுத்துப் பயன்கண்டார். சுப்பாராவின் மேற்பார்வையில் அதே ஆய்வகத்தில் பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்த ஆரியோமைசின் 1948இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் என்ற மருந்துக் குலத்தின் மூத்த பிள்ளை அது. இன்றளவும் கிராணிக்கு மருத்துவர்கள் தரும் இரண்டு மருந்துகள் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினுமே. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு இரு மருந்துகளும் அவர் தலைமை தாங்கிய ஆய்வகத்திலேயே வேர்கொண்டன. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலைசெய்யும் பொருள்களும் அங்கே ஆக்கப்பட்டன; அவற்றின் வழிவந்த மெதோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும், குரோன் நோய் என்னும் கடுமையான குடல் அழற்சிக்கும் இன்று பயன்படுகிறது. அதே 1948இல், 53ஆம் வயதில், சுப்பாராவ் அயல்நாட்டிலேயே மறைந்தார்.

மருந்து கிடைத்துவிட்டது, எனினும் நோய் ஏன் வருகிறது என்ற கேள்வி எஞ்சி நின்றது. அந்தக் கேள்வியைத்தான் 1960இல் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்கள் கிளப்பின. அதுவரை தனி மனிதர்களை, பெரும்பாலும் வெள்ளையரை, பற்றும் நோயாகவே நூல்களில் இருந்த கிராணி, ஊர் ஊராகக் கொள்ளை நோயாய்ப் பரவியது. குழந்தைகளைவிடப் பெரியவர்களையே அது மிகுதியாகத் தாக்கியது. உழைத்துச் சோறு போடுபவர் படுத்தால் குடும்பமே படுத்துவிடும் அன்றோ?

வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய செல்வின் பேக்கரும், வி. ஐ. மாத்தனும், அவர்தம் துணைவர்களும் நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல் ஊர்களுக்கே சென்று ஆராய்ந்தனர். அவர்கள் 1968இல் வெளியிட்ட கட்டுரைகள் தென்னிந்தியக் கிராணி பற்றிய அடிப்படை ஆவணங்களாக விளங்குகின்றன. கிராணிக்குரிய இலக்கணத்தை வகுப்பதிலும் பேக்கருக்குப் பங்குண்டு. தொடர்பற்ற இரு சத்துப்பொருள்களையேனும் குடல் உறிஞ்சத் தவற வேண்டும். அத்தவற்றுக்கு வேறு காரணம் இருத்தல் கூடாது என்பது அதன் சாரம். நோய்க்குக் காரணமான ஒற்றைக் கிருமி எதுவும் இன்றுவரை உறுதிப்படவில்லை. குடல் தொற்றொன்றுக்குப் பின் சிறுகுடலில் கிருமிகள் அளவுமீறிக் குடியேறுதலும், அதனால் உட்சுவர் சிதைதலும் கருதப்படும் காரணங்கள்.

ஆயினும், வேலூர் ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு நோயாளிகளிடமிருந்து வரவில்லை. நலமாக இருந்தவர்களிடமிருந்து வந்தது. நோயாளியின் குடலை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயற்ற ஊர்மக்களின் குடலை ஆராய்ந்தபோது, அவர்களின் குடலுறிஞ்சிகளும் மேலைநாட்டு நூல்களில் வரையப்பட்ட மெல்லிய விரல் வடிவில் இல்லை. அகன்றும் தடித்தும் இலை போலவும் மேடு போலவும் இருந்தன. நலம் என்று நாம் கருதியதே அரைகுறை நலம் என்பது வெளிப்பட்டது.

இந்தியக் குடலின் பிறவி அமைப்பே இப்படித்தான் என்று கூறித் தப்பித்துக்கொள்ள வழியிருந்தது. அந்த வழியை இரண்டு ஆய்வுகள் அடைத்துவிட்டன. வேலூரில் இறந்தவர்களின் குடலை வயதுவாரியாக ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட முடிவின்படி, கருவிலிருந்த சிசுவுக்கும் பிறந்த பச்சிளங்குழவிக்கும் குடலுறிஞ்சிகள் விரல் வடிவில் செம்மையாகவே இருந்தன. மாற்றம் பிறப்புக்குப் பின்னரே தொடங்கியது. மறுபுறம், கிழக்குப் பாகிஸ்தானில் தொண்டுபுரிய வந்த அமெரிக்க அமைதிப்படை இளைஞர்களை ஆராய்ந்த லிண்டன்பாம் குழுவினர், அவர்களுக்கும் அதே குடல் மாற்றம் நேர்ந்ததை 1966இல் எழுதினர். தாயகம் திரும்பியபின் அவர்கள் குடல் தேறியது. வெள்ளையனின் குடல் இங்கு வந்தால் நம் குடலாகிறது. நம் குழந்தையின் குடல் பிறக்கும்போது எவர் குடலுக்கும் குறைந்ததாக இல்லை. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? குடிக்கும் நீரிலும், மிதிக்கும் மண்ணிலும், கழிவு கலந்த சூழலிலும் இருக்கிறது.

குடலில் வாழும் கிருமிகள் யாவும் பகைவர்களும் அல்ல. நலமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் பி12 வைட்டமினை ஆக்கித் தருகின்றன என்று ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் 1980இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். புலால் உண்ணாதாரிற் பலர் அந்த வைட்டமின் குறையாமல் வாழ்வதற்கு இது ஒரு விளக்கமாயிற்று. குடல் ஒரு குளம் போன்றது. அதில் வாழ்வன எவை, வந்து கலப்பன எவை என்பதைப் பொறுத்தே அதன் நலம் அமைகிறது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ரோட்டா வைரஸ் பேதிக்கு இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட வாய்வழித் தடுப்பு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2014இல் வெளியான முடிவில் கடும் பேதியை அது ஏறத்தாழ 55 சதவீதம் தடுத்தது. பல்லாயிரம் உயிர்களைக் காக்க வல்ல பெரும்பேறு அது. ஆனால், செல்வ நாடுகளில் இத்தகைய மருந்துகள் 80 சதவீதத்துக்கும் மேலாகப் பயன் தருகின்றன. ஏழை நாட்டுக் குழந்தைகளிடம் வாய்வழி மருந்துகளின் ஆற்றல் குறைவதற்கு, அன்று வேலூரில் கண்ட அந்தக் குடல் மாற்றமும் ஒரு காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

நீரிழிவின் கதையும் இளமையிலேயே தொடங்குகிறது. வேலூர் நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள், முப்பது வயதை எட்டும் முன்னரே அவர்களுள் பலருக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றியிருப்பதைக் கண்டனர். ஒரு தலைமுறைக்கு முன் வற்றிய உடலைக் கண்டு வருந்திய மாவட்டம், இப்போது சர்க்கரை நோயைக் கண்டு அஞ்சுகிறது.

இன்றைய ஆய்வகங்களில் மற்றொரு முயற்சி நடைபெறுகிறது. இன்சுலினை வாய்வழியே கொடுத்தால் இரைப்பை அமிலமும் செரிமான நொதிகளும் அதனைச் சிதைத்துவிடும்; ஆகவேதான் நீரிழிவு நோயாளி ஊசியை நாட வேண்டியுள்ளது. கண்ணுக்குப் புலப்படாத நானோ துகள்களுக்குள் மருந்தைப் பொதிந்து, அமிலத்தைக் கடக்கச் செய்து, குடற்சுவரில் கொண்டு சேர்க்க விஞ்ஞானிகள் முயல்கின்றனர். அழன்ற குடலின் சுவர் கசிவுடையதாதலால் அவ்விடத்தில் அத்துகள்கள் கூடுதலாகத் தங்கும் என்ற நம்பிக்கையில், குடல் அழற்சிக்கும் இம்முறை ஆராயப்படுகிறது. வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால் எத்தனை நுட்பமான பல்லக்கில் மருந்தை ஏற்றி அனுப்பினாலும், அது இறங்க வேண்டிய வாசல் அதே குடற்சுவர். வாசலை இடியவிட்டுப் பல்லக்கை மட்டும் அழகு செய்வதால் என்ன பயன்?

ஆகவே, வேலூர் ஆய்வுகள் நமக்குச் சொல்லும் செய்தி நீரைப் பற்றியது. கிராணிக்குக் காரணம் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு என்று எவரும் சொல்லவில்லை. அதன் வேர் மனிதக் கழிவால் கெட்ட சூழலில் தேடப்படுகிறது. எனினும், ஒரே பாலாற்றுப் படுகை இரண்டு வகை அழுக்கையும் சுமந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களின் தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பியது. அதில் நம்மவர் பங்கு பெரிது. அந்தத் தொழிலின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததும் மறுக்கவொண்ணாதது. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநிறுத்தி, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்த தீர்ப்பு இந்த மாவட்டத்தை முன்னிட்டே எழுந்தது. ஐவேளையும் நீரால் தூய்மை செய்துகொண்டு தொழுகைக்கு நிற்கும் சமுதாயம் இந்தத் தீர்ப்பைப் பிறர் நம்மீது சுமத்திய பழியாக எண்ணக்கூடாது; நம் கடமையை நமக்கு நினைவூட்டிய குரலாகவே கொள்ள வேண்டும்.

மருந்து காணும் ஆற்றலில் இம்மண் குறைந்ததில்லை. சுப்பாராவ் அதற்குச் சான்று. நோயின் மூலத்தைத் தேடும் பொறுமையிலும் குறைந்ததில்லை. ஊர் ஊராக நடந்த வேலூர் மருத்துவர்கள் அதற்குச் சான்று. எஞ்சியிருப்பது, பிறக்கும்போது செம்மையாக இருக்கும் குழந்தையின் குடலை அப்படியே வளரவிடும் வேலை. அதற்குத் தூய குடிநீர் வேண்டும்; மூடிய கழிவுநீர்க் கால்வாய் வேண்டும்; ஊருக்கு ஊர் கழிப்பிடம் வேண்டும். அமிர்தியில் மலையிறங்கும் நீருக்கும் ஆம்பூரில் வீட்டுக் குழாயில் வரும் நீருக்கும் உள்ள தொலைவைக் குறைப்பதே இனி எழுதப்பட வேண்டிய வரலாறு.